புற்றுநோயும் பக்கவாதமும்: நம் தெருக்கள் அறிய வேண்டிய உறவு

(கல்விக் கழக வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

     

இக்கழகத்தின் விடுதியில் உண்டு, உறங்கி, படித்து, மருத்துவத் துறைக்குச் சென்றவர்கள் நாங்கள். எங்களை அழைத்து, "நம் மக்களுக்குப் பயன்படும் மருத்துவச் செய்தி ஒன்றைச் சொல்லுங்கள்" என்று விழாக் குழுவினர் பணித்தார்கள். வெள்ளி விழா மேடையில் நோயைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். எண்ணிப் பாருங்கள். நிலம் இல்லை, கடை இல்லை, வட்டிக்கு விட்ட பணமும் இல்லை. உழைக்கும் உடல் ஒன்றே மூலதனமாக வாழ்ந்து வந்த மக்கள் நாம். அந்த உடலில் ஒரு பக்கம் விழுந்துவிட்டால் அந்தக் குடும்பமே விழுந்துவிடுகிறது. அப்பொழுது பள்ளியிலிருந்து முதலில் நிறுத்தப்படுவது யார்? பெரும்பாலும் வீட்டின் மூத்த பெண்பிள்ளைதான். ஆகவே கல்வியைக் காக்க விரும்புவோர் உடலையும் காக்கக் கற்றாக வேண்டும்.

நாங்கள் எடுத்துக்கொண்ட பொருள், புற்றுநோய்க்கும் பக்கவாதத்திற்கும் உள்ள உறவு. புற்றுநோய் என்றால் கட்டி என்று அறிவோம். பக்கவாதம் என்றால் கை கால் விழுதல் என்று அறிவோம். இரண்டையும் தனித்தனியாகவே எண்ணிப் பழகியிருக்கிறோம். புற்றுநோய்க்கு மருத்துவம் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு ஒரு நாள் காலையில் வாய் கோணி, கை தொங்கிவிட்டால், "நோய் முற்றிவிட்டது, இனி ஆண்டவன் விட்ட வழி" என்று வீட்டார் பாயை விரித்துப் படுக்க வைத்துவிடுகிறார்கள். இன்னும் சில வீடுகளில் புறாவின் இரத்தத்தைத் தேடி ஓடுகிறார்கள். காப்பாற்றக்கூடிய நேரம் அந்தப் பாயிலும் அந்தப் புறாவிலும் கழிந்துபோகிறது. இந்த ஒரு பழக்கம் மாறினால் போதும், இன்று நாங்கள் பேசியதற்குப் பயன் கிட்டிவிடும்.

மூளைக்குள் நிகழ்வது என்ன?

பக்கவாதம் கையிலோ காலிலோ பிறக்கும் நோய் அன்று. அது மூளையில் பிறப்பது. நம் குடகனாற்றுப் பாசனத்தை எண்ணிக்கொள்ளுங்கள். வாய்க்கால் அடைத்துக்கொண்டால் அதன் கடைமடை வயல் காய்கிறது. கரை உடைந்தால் வயல் மூழ்குகிறது. மூளையின் இரத்த நாளமும் அத்தகையதே. நாளத்தில் இரத்தக் கட்டி வந்து அடைத்துக்கொண்டால் அதற்கு அப்பாலுள்ள மூளைப் பகுதி காய்ந்து சாகிறது. நாளம் வெடித்தால் இரத்தம் பெருகி மூளையை நசுக்குகிறது. முன்னது அடைப்பு, பின்னது கசிவு. பெரிய நாளம் ஒன்று அடைபட்டுவிட்டால், மருத்துவம் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்திலும் ஏறத்தாழ 19 இலட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006இல் மருத்துவ அறிஞர்கள் கணக்கிட்டனர்.

இனி, புற்றுநோய் இதில் எப்படி நுழைகிறது என்பதைக் காண்போம். இது புதிதாகக் கண்டறிந்த செய்தி அன்று. பிரெஞ்சு நாட்டில் ஆர்மான் ட்ரூசோ என்னும் பெயர்பெற்ற மருத்துவர் இருந்தார். புற்றுநோய் உள்ளவர்களுக்கு நாளங்களில் இரத்தம் உறைந்து கட்டியாகும் இயல்பு மிகுந்திருப்பதை அவர் 1865இல் தம் மாணவர்களுக்கு எடுத்துரைத்தார். 1867ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவருடைய கையிலேயே அத்தகைய நாள வீக்கம் தோன்றியது. தம் வயிற்றில் புற்றுநோய் இருப்பதற்கு அதுவே சான்று என்று அவர் உணர்ந்துகொண்டார். அதே ஆண்டு சூன் திங்களில் அந்நோயினால் மறைந்தார். தாம் கற்பித்த பாடத்திற்குத் தம் உடலையே சான்றாக விட்டுச் சென்ற அம்மருத்துவரின் பெயராலேயே அந்நிலை இன்றும் வழங்கப்படுகிறது.

ஏன் இவ்வாறு நேர்கிறது? உடம்பில் காயம் பட்டால் இரத்தத்தை உறையச் செய்யும் பொருள்கள் சில உண்டு. புற்றணுக்களில் பலவும் அப்பொருள்களைக் காயம் இல்லாமலே இரத்தத்தில் கலந்து விடுகின்றன. அதனால் ஓடவேண்டிய இரத்தம் ஓட்டத்திலேயே உறையத் தலைப்படுகிறது. சிலருக்கு இதயத்தின் தடுக்கிதழ்களில் சிறு சிறு உறைகட்டிகள் படிந்து, அவை பெயர்ந்து மூளைக்குச் செல்கின்றன. இரத்தப் புற்றுநோயில் தட்டணுக்கள் குறைந்துபோவதால் கசிவும் நேரிடும். மூளைக்குப் பரவிய கட்டி தானே கசிவதும் உண்டு. ஆக, வாய்க்கால் அடைப்பதற்கும் கரை உடைவதற்கும் ஆகிய இரண்டு வழிகளையும் இந்நோய் திறந்து வைக்கிறது.

நியூயார்க்கில் உள்ள புற்றுநோய் மருத்துவமனை ஒன்றில், புற்றுநோயினால் இறந்த 3,426 பேரின் உடற்கூறு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, 1985இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களுள் 14.6 விழுக்காட்டினரின் மூளையில் நாள நோயின் அடையாளம் இருந்தது. ஆனால் அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குத்தான் உயிரோடிருந்தபோது அதற்குரிய அறிகுறி வெளியே தெரிந்திருந்தது. 2017இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு இன்னும் பெரியது. புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்பட்ட முதியோர் 2,79,719 பேரையும், அதே எண்ணிக்கையில் புற்றுநோய் இல்லாத முதியோரையும் இணை இணையாக வைத்து ஒப்பிட்டார்கள். முதல் ஆறு மாதங்களில் அடைப்பு வகைப் பக்கவாதம் புற்றுநோயாளர்களில் நூற்றுக்கு 3 பேரைத் தாக்கியது. மற்றவர்களில் நூற்றுக்கு 1.6 பேரைத் தாக்கியது. நுரையீரல் புற்றுநோய் உடையோருக்கு ஆபத்து மிகுதியாக இருந்தது. ஓராண்டு கடந்தபின் இரு சாராருக்கும் இடையே இருந்த வேறுபாடு பெரிதும் மறைந்துவிட்டது.

இக்கணக்கிலிருந்து நாம் அறிய வேண்டியவை இரண்டு. அச்சம் கொள்ளத் தேவையில்லை. நூற்றுக்கு 97 பேருக்கு அந்த ஆறு மாதங்களில் இது நேரவில்லை. அதே வேளை அசட்டையாகவும் இருக்கலாகாது. நோய் கண்டறிந்த தொடக்க மாதங்களே விழிப்பாக இருக்க வேண்டிய மாதங்கள்.

மருந்தின் பங்கு

நோயைத் தீர்க்க வந்த மருத்துவமும் சில வேளைகளில் இதற்குத் துணை போகிறது. இதைச் சொல்வதற்கு முன் ஒன்றை வலியுறுத்த விரும்புகிறோம். இதைக் கேட்டு எவரும் புற்றுநோய் மருத்துவத்தைக் கைவிடக் கூடாது. மருந்தினால் வரக்கூடிய பக்கவாதம் சிலருக்கே. மருத்துவம் செய்யாத புற்றுநோய் பெரும்பாலாரைக் கொன்றுவிடும். அறிவு, மருந்தை விழிப்போடு ஏற்றுக்கொள்வதற்கே பயன்பட வேண்டும்.

அறுவை மருத்துவத்திற்குப் பின் நெடுநாள் படுத்திருப்பதால் கால் நாளங்களில் இரத்தம் உறையலாம். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கும், தலை கழுத்துப் புற்றுநோய்க்கும், வேறு பலவற்றிற்கும் கொடுக்கப்படும் சிஸ்பிளாட்டின் என்னும் மருந்து நாளங்களின் உட்சுவரைப் புண்படுத்தி உறைகட்டிக்கு இடமளிக்கக் கூடும். குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்குப் பயன்படும் அஸ்பராஜினேஸ் என்னும் மருந்து, மூளையிலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டுசெல்லும் நாளங்களில் உறைவை உண்டாக்கலாம். அம்மருந்து பெறும் பிள்ளைக்குக் கடுந்தலைவலி, வாந்தி, வலிப்பு, பார்வை மங்கல் தோன்றினால் "காய்ச்சல் தலைவலி" என்று வீட்டில் வைத்திருக்கலாகாது. பெவாசிசுமாப் போன்ற புதிய மருந்துகள் இரத்தக் கொதிப்பை உயர்த்தும். மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்கள் ஆண்டுக்கணக்கில் உட்கொள்ளும் டமாக்சிஃபென் மாத்திரையும் உறைவு ஆபத்தைச் சிறிதளவு கூட்டுகிறது. எனினும் அது காப்பாற்றும் உயிர்கள் மிகப் பல. மருத்துவரைக் கேளாமல் அதை நிறுத்துவது கூடவே கூடாது.

கழுத்தில் வைத்த கதிர்

இனி நாங்கள் சொல்லப்போவது நம் பகுதிக்கு மிக நெருக்கமானது. நம் மக்கள் "கரண்டு வைப்பது" என்று சொல்லும் கதிர்வீச்சு மருத்துவத்தைப் பற்றியது.

வாய், நாக்கு, தொண்டை, குரல்வளை ஆகிய இடங்களில் புற்றுநோய் கண்டால் பலருக்குக் கழுத்தில் கதிர் வைக்கிறார்கள். கழுத்தின் இரு புறமும் மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் பெருநாளங்கள் ஓடுகின்றன. கட்டியைச் சுடும் கதிர் அந்த நாளங்களின் சுவரையும் தொட்டுச் செல்கிறது. உடனே ஒன்றும் தெரிவதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல அந்தச் சுவர் தடித்து, உள்வழி குறுகுகிறது. நெதர்லாந்து நாட்டில் 60 வயதுக்கு முன்பே தலை கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சுப் பெற்ற 367 பேரைத் தொடர்ந்து கவனித்து 2002இல் முடிவை வெளியிட்டார்கள். பொதுமக்களில் எதிர்பார்க்கும் அளவைப்போல் 5.6 மடங்கு பக்கவாதம் அவர்களிடம் காணப்பட்டது. பத்தாண்டுகளுக்கு மேல் பிழைத்திருந்தவர்களுக்கு அது 10 மடங்காக உயர்ந்தது. பதினைந்து ஆண்டுகளில் நூற்றுக்கு 12 பேரை அது தாக்கியது. புற்றுநோயை வென்றுவிட்டோம் என்று மகிழ்ந்து, மருத்துவமனைப் பக்கமே போகாமல் இருக்கும் பத்தாவது ஆண்டில் அல்லது பன்னிரண்டாவது ஆண்டில் இந்த அடி விழுகிறது.

இந்தக் கேள்வி எழுவதற்கே மருத்துவத்தின் வெற்றிதான் காரணம். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கிய நாளில், அந்நோய் வந்தவர் பதினைந்து ஆண்டு வாழ்வார் என்று எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள். அடுத்த ஆண்டில் அங்கே பணியில் சேர்ந்து, 2021இல் மறையும் வரை அந்நிறுவனத்திற்கே வாழ்ந்த டாக்டர் வி. சாந்தா அவர்களைப் போன்றோரின் உழைப்பினால் இன்று பலர் பிழைத்து வாழ்கிறார்கள். பிழைத்தவர்களுக்குப் பிற்காலத்தில் என்ன நேரும் என்பதும் இன்று மருத்துவத்தின் கடமையாகிவிட்டது.

இதை ஏன் நம் பகுதிக்கு நெருக்கமானது என்கிறோம்? திண்டுக்கல் என்றவுடன் பூட்டு நினைவுக்கு வருவதைப் போலவே புகையிலையும் நினைவுக்கு வருகிறது. வெள்ளையர் ஆட்சியில் திண்டுக்கல் சுருட்டு கடல் கடந்து விலைபோயிற்று. வேடசந்தூரில் மைய அரசு புகையிலைக்கென்றே ஆராய்ச்சி நிலையம் அமைத்தது. புகையிலைக் காட்டில் களை எடுத்த கைகள் யாருடையவை? கிட்டங்கியில் இலை அடுக்கிய கைகள் யாருடையவை? தோல் பதனிடும் தொழிலில் சுண்ணாம்புக் குழியில் இறங்கியவர்கள் நாற்றம் தாங்குவதற்கு வாயில் புகையிலையை அடக்கிக்கொண்டார்கள். அந்தத் தோல் தொழிலாளர்களின் வாழ்க்கையை எழுத்தில் வடித்த டி. செல்வராஜ் அவர்களின் 'தோல்' நாவலுக்கு 2012இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அக்குழிகளில் இறங்கிய பெரியோர்களின் பேரப்பிள்ளைகள் பலர் இந்த அரங்கில் இருக்கிறீர்கள்.

அந்தப் புகையிலைதான் இரண்டு நோய்களுக்கும் பொதுவான வாசல். மென்றால் வாய்ப் புற்று. புகைத்தால் நுரையீரல் புற்று, தொண்டைப் புற்று. அதே புகை நாளங்களின் சுவரைக் கெடுத்து, இரத்தத்தை உறையத் தூண்டிப் பக்கவாதத்தையும் அழைத்து வருகிறது. புகையிலையால் வாய்ப் புற்று வந்து, அதற்காகக் கழுத்தில் கதிர் வைத்து, பிழைத்து வந்தபின் மீண்டும் பீடியைப் பற்றவைக்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவருடைய கழுத்து நாளத்தைக் கதிர் ஒரு பக்கம் குறுக்குகிறது, புகை மறு பக்கம் குறுக்குகிறது. அவருக்கு இரத்தக் கொதிப்பும் நீரிழிவும் இருந்து, அவை அளந்து பார்க்கப்படாமலும் இருந்தால், நாளம் அடைபடும் நாள் விரைந்து வரும் என்பது வெள்ளிடை மலை.

திண்டுக்கல் உலகிற்குச் சொன்ன பாடம்

துன்பத்தை மட்டும் சொல்லி முடிக்க நாங்கள் வரவில்லை. இந்த மாவட்டம் உலகிற்கே ஒரு பாடம் சொன்னது என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டும்.

அம்பிளிக்கையில் உள்ள கிறித்தவ ஐக்கிய சமுதாய நல மையத்தின் மருத்துவர்களும், பிரான்சு நாட்டு லியோன் நகரில் உள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் சேர்ந்து, திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சோதனை ஒன்றை நடத்தினார்கள். 114 கிராமத் தொகுதிகளைப் பிரித்து, 57 தொகுதிகளில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களைச் சோதனைக்கு அழைத்தார்கள். சோதனை மிக எளியது. பயிற்சி பெற்ற செவிலியர் 4 விழுக்காட்டு அசிட்டிக் அமிலத்தை, அதாவது வினிகரைப் போன்ற நீர்மத்தைக் கருப்பைவாயில் தடவி, வெண்மை படர்கிறதா என்று கண்ணால் பார்த்தார்கள். 2000 முதல் 2003 வரை 31,343 பெண்கள் சோதனைக்கு வந்தார்கள். புற்றாக மாறக்கூடிய புண் இருந்தவர்களுக்கு அதைக் குளிரூட்டி உறைய வைத்து அழிக்கும் சிறு மருத்துவம் செய்யப்பட்டது. 2007இல் வெளிவந்த முடிவு இது: சோதனைக்கு அழைக்கப்பட்ட தொகுதிகளில் இந்நோய் 25 விழுக்காடும், இந்நோயால் நேர்ந்த சாவு 35 விழுக்காடும் குறைந்திருந்தன. பெரிய எந்திரம் ஏதுமின்றி, பயிற்சி பெற்ற செவிலியரும் நம் கிராமத்துத் தாய்மாரும் சேர்ந்து நிலைநாட்டிய உண்மை இது.

இதில் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மற்ற 57 தொகுதிகளைச் சேர்ந்த 30,958 பெண்கள் அக்காலத்தில் இச்சோதனைக்கு அழைக்கப்படவில்லை. அது முறைதானா என்று மருத்துவ அறவியலார் பின்னாளில் வினா எழுப்பினர். ஏழைப் பெண்களின் உடல் ஆய்வுக்குப் பயன்படும்போது இத்தகைய வினாவை எழுப்ப வேண்டியது நம் கடமையும் ஆகும். ஆய்வினால் விளைந்த அறிவு ஒவ்வொரு கிராமத்துப் பெண்ணுக்கும் வந்து சேர்வதே அதற்கான ஈடு.

இதற்கும் பக்கவாதத்திற்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். நேரான தொடர்பு உண்டு. புண்ணாக இருக்கும்போதே கண்டுபிடித்தால் சிறு மருத்துவத்தோடு முடிகிறது. முற்றிய பின் கண்டுபிடித்தால் கதிர்வீச்சும், அதனோடு சேர்த்து நாம் முன்பு சொன்ன சிஸ்பிளாட்டினும் தேவைப்படுகின்றன. 1999 முதல் அதுவே ஏற்றுக்கொள்ளப்பட்ட முறையாக இருந்து வருகிறது. பெரிய நோய், பெரிய மருந்து, பெரிய பின்விளைவு. காலத்தே கண்டறிவது புற்றுநோயிலிருந்து காப்பதோடு, மருந்தின் சுமையிலிருந்தும் இரத்த உறைவிலிருந்தும் சேர்த்துக் காக்கிறது. வாயில் ஆறாத புண், வெள்ளைப் படலம், மார்பில் கட்டி, மாதவிலக்கு நின்றபின் உதிரப்போக்கு ஆகியவற்றை வெட்கத்தாலோ அச்சத்தாலோ மறைக்காதீர்கள் என்று தாய்மார்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறோம்.

செய்ய வேண்டியவை

இனிச் செயலுக்கு வருவோம். பக்கவாதத்தின் அடையாளங்களைப் பள்ளிப் பிள்ளைகளும் மனப்பாடம் செய்துகொள்ளலாம். சிரிக்கச் சொன்னால் வாய் ஒரு பக்கம் கோணுகிறதா? இரு கைகளையும் தூக்கச் சொன்னால் ஒன்று கீழே இறங்குகிறதா? பேச்சு குழறுகிறதா? இம்மூன்றில் ஒன்று திடீரென்று தோன்றினாலும் அது பக்கவாதம் என்றே கொள்ள வேண்டும். திடீர்ப் பார்வை இழப்பும், நிற்க முடியாத தள்ளாட்டமும், இதுவரை கண்டிராத தலைவலியும் எச்சரிக்கைகளே. சில நிமிடங்களில் தானாகச் சரியாகிவிட்டாலும் விட்டுவிடலாகாது. அது பெரிய அடிக்கு முன் வரும் சிறு தட்டு.

புற்றுநோயாளருக்கு இது நேர்ந்தால் "மருந்தின் களைப்பு" என்று எண்ணாதீர்கள். களைப்பு உடம்பு முழுவதையும் தளர்த்தும்; திடீரென்று ஒரு பக்கத்தை மட்டும் தளர்த்தாது. இந்த ஒரு வேற்றுமையை நினைவில் வைத்தால் போதும்.

உடனே 108ஐ அழையுங்கள். 2008 முதல் தமிழ்நாட்டில் அவ்வூர்தி கட்டணமின்றி வருகிறது. தலையை ஸ்கேன் எடுக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்கே கொண்டுசெல்லுமாறு கேளுங்கள். அடைப்பா, கசிவா என்பதை ஸ்கேன் இன்றி எந்த மருத்துவராலும் உறுதியாகச் சொல்ல இயலாது. ஆகவே நீங்களாக ஆஸ்பிரின் மாத்திரை கொடுக்காதீர்கள். கசிவாக இருந்தால் அது எரியும் வீட்டில் எண்ணெய் ஊற்றியதாகும். வாயில் தண்ணீரோ கஞ்சியோ ஊற்றாதீர்கள். அது மூச்சுக் குழலுக்குள் போய்விடும்.

அடைப்பைக் கரைக்கும் ஊசியை நோய் தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். மூன்று மணி நேரம் வரை பயன் தருவது 1995இலும், நாலரை மணி வரை பயன் தருவது 2008இலும் மெய்ப்பிக்கப்பட்டன. ஆகையால் "கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்?" என்பதே மருத்துவர் கேட்கும் முதற் கேள்வி. அதற்கு விடை சொல்லத் தெரிந்த ஒருவர் நோயாளியுடன் செல்ல வேண்டும்.

புற்றுநோயாளருக்கு இந்த ஊசியைப் போடலாமா என்பதை மருத்துவர் சீர்தூக்கிப் பார்ப்பார். தட்டணுக்கள் ஒரு இலட்சத்துக்குக் கீழ் இருந்தாலும், அண்மையில் பெரிய அறுவை நடந்திருந்தாலும் கசிவு நேரும் என்பதால் தவிர்ப்பார்கள். அவ்வாறானவர்களில் தக்கவர்களுக்கு, நாளத்தின் வழியே குழலைச் செலுத்திக் கட்டியை வெளியே இழுக்கும் முறை உண்டு. 2015இல் நிலைநாட்டப்பட்ட அம்முறை, தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரையிலும் பயன்படும் என்று 2018இல் தெளிவாயிற்று. ஆகவே புற்றுநோய் இருக்கிறது என்ற ஒரே காரணத்திற்காக நம்பிக்கையை இழப்பது தவறு. "இவருக்கு என்ன செய்ய முடியும்?" என்று கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு. படித்த பிள்ளை உடனிருந்தால் அந்தக் கேள்வியைத் தயங்காமல் கேட்பான், கேட்பாள்.

கதிர் பெற்றுப் பிழைத்தவர்கள் செய்ய வேண்டியவையும் உண்டு. புகையிலையை எல்லா வடிவிலும் விட்டொழிக்க வேண்டும். இரத்தக் கொதிப்பை அளந்து, 140க்கு 90 என்னும் அளவுக்குக் கீழே வைத்திருக்க வேண்டும். பக்கவாதத்தின் காரணங்களை 2010இல் பல நாடுகளில் ஆராய்ந்தபோது, இரத்தக் கொதிப்பே அவற்றில் முதலிடம் பெற்றது. சர்க்கரையையும் கொழுப்பையும் சோதித்துக்கொள்ள வேண்டும். கழுத்து நாளங்களை 'டாப்ளர்' என்னும் ஒலியலைச் சோதனையால் பார்க்கலாமா என்று மருத்துவரைக் கேட்க வேண்டும். அதில் வலியும் இல்லை, கதிரும் இல்லை. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியாகக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. வந்த மாத்திரையைப் பானைக்குப் பின்னால் வைத்துவிடாமல் நாள்தோறும் உட்கொள்வது நம் பொறுப்பு.

கழகத்தின் முன் ஒரு வேண்டுகோள்

இறுதியாக இக்கழகத்திற்கு ஒரு வேண்டுகோள். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் ஏழை நோயாளியின் கையில் ஆங்கிலத்தில் எழுதிய தாள் ஒன்று இருக்கிறது. எந்த இடத்தில், எத்தனை நாள் கதிர் வைத்தார்கள், எந்த மருந்து எத்தனை தடவை ஏற்றினார்கள் என்பதெல்லாம் அதில்தான் உள்ளன. கூரை ஒழுகும்போது அது நனைகிறது. வீடு மாறும்போது தொலைகிறது. பத்தாண்டு கழித்துப் பக்கவாதத்தோடு வரும்போது, "கழுத்தில் ஏதோ கரண்டு வைத்தார்கள்" என்பதற்கு மேல் வீட்டாருக்குச் சொல்லத் தெரிவதில்லை.

ஒவ்வொரு தெருவிலும் இக்கழகத்தில் படித்த ஒரு மாணவனோ மாணவியோ இருக்கிறீர்கள். உங்கள் தெருவில் புற்றுநோயிலிருந்து மீண்டவர்கள் யார் யார் என்று பாருங்கள். அவர்கள் இசைந்தால், அந்தத் தாளில் உள்ளதைத் தமிழில் ஒரு குறிப்பேட்டில் எழுதிக் கொடுங்கள். நோயின் பெயர், கதிர் வைத்த இடம், ஆண்டு, மருந்தின் பெயர், இரத்தக் கொதிப்பின் அளவு ஆகிய ஐந்தும் போதும். அதன் முதற் பக்கத்தில் வாய், கை, பேச்சு என்னும் மூன்று அடையாளங்களையும், 108 என்னும் எண்ணையும் எழுதி வையுங்கள். அந்தக் குறிப்பேடு அவர்களுடைய உடைமை. அவர்கள் ஒப்புதல் இன்றிப் பிறருக்குக் காட்டலாகாது. இதற்குப் பொருட்செலவு மிகக் குறைவு. எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு கை வேண்டும், அவ்வளவே.

நம் பாட்டன்மார் காலத்தில் கடிதம் வந்தால் அதைப் படித்துச் சொல்ல ஊருக்குள் ஆளைத் தேடி, அவர் வீட்டு வாசலுக்கு வெளியே காத்து நின்றார்கள். அந்த நிலை மாற வேண்டும் என்றுதான் இக்கழகம் பிறந்தது. இன்று நம் தெருவிலேயே படித்த கைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அந்தக் கைகள் முதலில் எழுத வேண்டிய ஏடுகளில் ஒன்று, நம் வீட்டு நோயாளியின் ஏடு என்று கூறி அமைகிறோம்.

வளர்க கல்விக் கழகம்!